பழைய சாளையோடு ஒரு புது அறை: எப்படிச் சேர்ப்பது, எதால் கட்டுவது?

பொள்ளாச்சி, உடுமலை, காங்கேயம், தாராபுரம் பக்கம் தோட்டத்துச் சாளைகள் இன்னும் நிறையவே நிற்கின்றன. ஒன்றரை அடி கனத்தில் மண் சுவர், அல்லது மண் சாந்தில் வைத்த கல் சுவர். மேலே பனங்கையும் ஓடும். மகனுக்குக் கல்யாணம் ஆனதும், அல்லது அம்மாவுக்கு முழங்கால் வலி வந்து புறக்கடைக் கழிப்பறை வரை நடக்க முடியாமல் போனதும், "பின்னால ஒரு ரூம் இழுத்துக் கட்டிக்கலாம்" என்ற பேச்சு வீட்டில் கிளம்பும். ஒரு கொத்தனாரை நாள்கூலிக்கு வைத்துக்கொண்டு, மற்ற வேலைகளை வீட்டாரே பார்த்தால் முடிகிற காரியம்தான் அது.

பேச்சு உடனே செங்கலுக்கும் கம்பிக்கும் போய்விடும். அதற்கு முன்பே தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. புது அறை பழைய வீட்டை எந்த இடத்தில், எப்படித் தொடப்போகிறது? ஐம்பது அறுபது மழைக்காலம் பார்த்த பழைய சுவர், இறங்க வேண்டிய அளவுக்கு மண்ணில் இறங்கி அமர்ந்துவிட்டது. புதுச்சுவர் முதல் சில மழையில்தான் அமரும். இரண்டையும் பல்விட்டுப் பிணைத்துக் கட்டினால், கீழே போகிற புதுச்சுவர் பழையதையும் சேர்த்து இழுக்கும். பழைய வீடுகளின் மூலையில் மேலிருந்து கீழே சாய்வாக ஓடும் விரிசல்களுக்கு இந்தப் பிணைப்பு ஒரு முக்கியக் காரணம்.

தொடும் இடம்

நம்முன் இருப்பவை நான்கு வழிகள். மேலே மாடி எடுப்பதை முதலிலேயே தள்ளிவிடுங்கள். மண் சாந்துச் சுவர் கான்கிரீட் தளத்தைச் சுமக்கக் கட்டப்பட்டதல்ல. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு ஐந்து அங்குலத் தளம் போட்டால், சுவரில் உட்காரும் பகுதியையும் சேர்த்து எடை 4 டன்னைத் தாண்டும்.

இரண்டாவது வழி, பழைய சுவரையே ஒரு பக்கச் சுவராக வைத்துச் சரிவாகத் தாழ்வாரம் இறக்குவது. செலவில் இதுதான் குறைவு. ஆனால் உயரத்தைக் கணக்குப் பாருங்கள். ஓட்டுக் கூரைக்கு 25 டிகிரிச் சரிவாவது வேண்டும். பழைய கூரையின் விளிம்பு 8 அடி உயரத்தில் இருந்து, அங்கிருந்து 8 அடி வெளியே இழுத்தால், கடைசியில் நாலேகால் அடி உயரம்தான் மிஞ்சும். குனிந்துதான் போக வேண்டும். தகரத் தகடாக இருந்தால் 10 டிகிரிச் சரிவு போதும். கடைசியில் ஆறரை அடி கிடைக்கும். ஆகவே தாழ்வாரம் என்பது தீவனம் அடுக்கவும், வண்டி நிறுத்தவும், விறகடுப்பு வைக்கவும் ஏற்றது. படுக்கையறைக்கு ஆகாது. இறக்கினாலும் பழைய சுவரில் உத்திரத்தைச் செருகாமல், சுவரை ஒட்டியே தனித் தூண்கள் நிறுத்தி அவற்றின் மேல் ஏற்றுங்கள்.

மூன்றாவது வழி, பழைய சுவரை ஒட்டித் தனிச்சுவர் எழுப்புவது. நடுவில் ஓர் அங்குல இடைவெளி விட்டு, அதைத் தெர்மோகோலால் அடைத்து, மேலே ஒரு தகட்டுப் பட்டையை ஒரு பக்கச் சுவரில் மட்டும் ஆணி அடித்து மூட வேண்டும். இரு பக்கமும் அடித்தால் இடைவெளி விட்டதற்கே பொருளில்லை. இந்த வழியில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது கடைக்கால். பழைய வீட்டுக் கடைக்காலின் அடிமட்டத்துக்குக் கீழே அதன் பக்கத்திலேயே தோண்டாதீர்கள். மண் பக்கவாட்டில் நழுவினால் பழைய சுவர் சாயும். இன்னும் ஆழம் போக வேண்டியிருந்தால், எத்தனை அடி கூடுதலாகப் போகிறீர்களோ அத்தனை அடியாவது தள்ளிப் போங்கள். தோண்டும்போதும் முழு நீளத்தையும் ஒரே மூச்சில் தோண்டாமல், நான்கு நான்கு அடியாக விட்டுவிட்டுத் தோண்டிக் கட்டி மூடுங்கள். இரண்டாவது மழைநீர். இரு கூரைச் சரிவுகளும் ஒன்றையொன்று பார்த்து இறங்கினால், நடுப்பள்ளத்தில் ஐப்பசி அடைமழை முழுதும் வந்து விழும். அங்கே போடும் தகரக் கால்வாயில் வேப்பிலை அடைத்தால் ஒரே இரவில் மண் சுவர் ஊறிவிடும்.

நான்காவது வழியைத்தான் நான் பரிந்துரைக்கிறேன். ஆறு முதல் எட்டு அடி தள்ளித் தனி அறையாகக் கட்டி, நடுவே இலேசான கூரை போட்ட நடையால் இணைப்பது. பழைய கடைக்காலுக்கு ஆபத்தில்லை. இரு கூரைத் தண்ணீரும் தரையில் விழுந்து ஓடும். இரு வீட்டுக்கும் வெளிச்சமும் காற்றும் குறையாது. கழிப்பறை சேர்ப்பதாக இருந்தால் அதன் ஈரம் மண் சுவரை எட்டாது. ஒரு சுவர் கூடுதலாகக் கட்ட வேண்டுமே என்பார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறையின் சுற்றளவு 44 அடி. பழைய சுவரையே ஒரு பக்கமாக வைத்துக் கட்டினால் மிச்சமாவது அதில் 12 அடிச் சுவர். பழைய வீட்டின் ஆயுளோடு ஒப்பிட்டால் அது சின்னத் தொகை. சாரல் அடிக்கும் பக்கம் மட்டும் நடைக்கு அரைச்சுவரும் மூங்கில் தட்டியும் வையுங்கள். வயதானவர்கள் நடக்கிற இடமென்பதால் படி வேண்டாம். இரு தரையும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும்.

எந்த வழியானாலும் பழைய வீட்டிலிருந்து புது அறைக்குப் போக வாசல் வேண்டும். பழைய சுவரைப் புதிதாக உடைத்து வாசல் வைப்பது இந்த வேலையிலேயே ஆபத்தானது. ஏற்கெனவே ஒரு ஜன்னல் இருந்தால் அதையே வாசலாக்குங்கள். மேலே குறுக்குக் கட்டையோ கல்லோ முன்பே எடையைத் தாங்கி நிற்கிறது. அகலத்தைக் கூட்டாமல், ஜன்னலுக்குக் கீழே உள்ள சுவரை மட்டும் எடுத்தால் போதும். அந்தக் கட்டையைக் கரையான் அரித்திருக்கிறதா என்று கடப்பாரை நுனியால் குத்திப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

மண்ணும் கடைக்காலும்

காங்கேயம் பக்கம் செம்மண்ணும் சரளையும் என்றால், உடுமலை, பல்லடம் பக்கம் பல இடங்களில் கரிசல். செம்மண்ணில் கெட்டி மண் தட்டும்வரை தோண்டிக் கருங்கல் கட்டடம் எழுப்பினால் ஓரறைக்கு அது போதும். கரிசல் அப்படியல்ல. மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். கோடையில் வெடிப்புக்குள் ஒரு கம்பியை விட்டு ஆழம் பாருங்கள். கடைக்கால் அதற்கும் கீழே, சுக்கான் தட்டும் இடம் வரை போக வேண்டும். கரிசலை மீண்டும் குழிக்குள் தள்ளாமல் மணலோ சரளையோ போட்டுத் திமிசு அடியுங்கள். சுவரைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு வெளிச்சரிவாகத் தளம் போட்டுவிட்டால், சுவரடி மண் ஒரே ஈரப்பதத்தில் இருக்கும். கரிசலின் ஆழம் தெரியாத இடத்தில் பொறியாளர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டுவது வீண் செலவாகாது.

1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதி நிலநடுக்கத்தைக் கண்ட ஊர்தான். ஆகவே தரைமட்டத்திலும் லிண்டல் மட்டத்திலும் நான்கு சுவரையும் சுற்றிக் கம்பி போட்ட கான்கிரீட் பட்டை ஓடட்டும். அறை சிறிதாக இருப்பதால் இதன் செலவும் சிறிதுதான்.

சுவர்

தானே கட்டுகிறவருக்குக் கல்லின் எடை பெரிய விஷயம். 16 அங்குல நீளம், 6 அங்குலக் கனமுள்ள சாலிட் பிளாக் ஒன்று 25 கிலோ வரும். ஒரு நாள் முழுக்கத் தூக்கினால் இடுப்பு போய்விடும். ஹாலோ பிளாக் அதைவிட இலேசு, வேலையும் வேகம். ஆனால் ஓட்டையுள்ள கல்லில் அலமாரி மாட்ட ஆணி நிற்காது, மேற்கு வெயிலில் சுவர் அனலாகும். ஏஏசி பிளாக் நல்ல இலேசு. இரண்டடி நீளக் கல்லே 11 கிலோதான் வரும், வெப்பத்தையும் தடுக்கும். ஆனால் அதற்கென்று தனிப் பசை வேண்டும், முதல் வரிசை மயிரிழை பிசகாமல் மட்டமாக இருக்க வேண்டும், தண்ணீரையும் நன்றாக உறிஞ்சும். கழிப்பறையோடு சேர்ந்த அறைக்கு அதை நான் எடுக்க மாட்டேன்.

செங்கல்லை எல்லாரும் விரும்புகிறோம். ஆனால் அந்தச் செம்மண் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கோவை தடாகம் பள்ளத்தாக்கில் மண்ணெடுப்பு எல்லை மீறியதால் 2021இல் அங்கிருந்த சூளைகள் மூடப்பட்டன. அனல்மின் நிலையச் சாம்பலில் செய்யும் ஃபிளை ஆஷ் கல் நல்ல மாற்று. ஒன்று 3 கிலோ சொச்சம். விளிம்பு ஒரே சீராக இருப்பதால் புதிதாகக் கரணை பிடிப்பவருக்கும் வரிசை நேராக வரும்.

உங்கள் தோட்டத்து மண் ஒத்துவந்தால் இன்னொன்றும் உண்டு. மண்ணில் நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்டு கலந்து, கை இயந்திரத்தில் அழுத்தி எடுக்கும் மண் கல். ஆரோவில் மண் கட்டடக் கழகம் பல ஆண்டுகளாக இதைக் கற்பித்து வருகிறது. சுடத் தேவையில்லை, நிழலில் அடுக்கி நான்கு வாரம் ஈரம் காட்டினால் போதும். மண் பொருந்துமா என்று அறிய, கண்ணாடிக் குப்பியில் கால் பங்கு மண்ணும் மீதி தண்ணீரும் விட்டுக் குலுக்கி ஓர் இரவு வையுங்கள். அடியில் மணல், மேலே வண்டல், அதற்கும் மேலே களி என்று படியும். சரளையும் மணலும் சேர்ந்து பாதிக்கு மேல், களி ஐந்தில் ஒரு பங்கு என்றிருந்தால் நல்ல மண். கரிசல் இதற்கு உதவாது. ஆளும் அவகாசமும் இருக்கும் வீட்டுக்கு என் முதல் தேர்வு மண் கல்தான். இல்லாவிட்டால் ஃபிளை ஆஷ்.

வேலை நடக்கும்போது பழைய சுவரையும் "அப்படியே சிமெண்டு பூசிவிடலாம்" என்று கொத்தனார் சொல்வார். விடாதீர்கள். மண் சுவரும் சுண்ணாம்புச் சுவரும் ஈரத்தை உள்வாங்கி வெளியே விட்டு வாழ்பவை. சிமெண்டுப் பூச்சு அந்த ஈரத்தை உள்ளேயே அடைக்கும். உப்புப் பூத்து, சில ஆண்டுகளில் பூச்சோடு சுவர் மண்ணும் சேர்ந்து பெயர்ந்து வரும். பழையதற்கு ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்பும் மூன்று பங்கு மணலும் சேர்ந்த சாந்துதான். கடுக்காய் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைக்கத் தெரிந்த ஒரு பெரியவர் பக்கத்து ஊரில் இருந்தால், அவரைத் தேடிப் பிடியுங்கள்.

கூரை

மங்களூரில் பாசல் மிஷன் 1865இல் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து பரவிய சீமை ஓடு, இன்றும் தானே கட்டுபவரின் நல்ல நண்பன். நூறு சதுர அடிக்குச் சுமார் 140 ஓடு. உடைந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம், எடை கான்கிரீட் தளத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியே வரும். குறை என்றால் குரங்கும் மயிலும் ஓட்டை நகர்த்தும், ஆண்டுக்கொரு முறை மழைக்கு முன் ஏறிப் பார்க்க வேண்டும். மரத்துக்கு, இடித்த வீடுகளில் கிடைக்கும் பழைய பனங்கையை வாங்குங்கள். பச்சைப் பனையை வெட்ட நினைக்க வேண்டாம். ஆட்சியர் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்று தமிழக அரசு 2021இல் அறிவித்திருக்கிறது. நன்றாக முற்றிய தென்னையின் வெளிப்பக்க மரமும் கைமரத்துக்கு ஆகும்.

மொட்டை மாடி வேண்டும், களத்துக்குப் பதில் தானியம் காயப்போட வேண்டும் என்பவர்களுக்குத் தளம்தான் வழி. அப்போது கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய முறையைக் கேளுங்கள். தளத்தின் அடிப்பகுதியில், கம்பிகளுக்கு நடுவே, பழைய ஓடுகளைப் பதித்துக் கான்கிரீட்டைக் குறைப்பது. எடையும் குறையும், கீழே வெக்கையும் குறையும். தகரத் தகடு அறைக்கு வேண்டாம், நடைக்குப் போதும். ஆனால் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று விளிம்பைத்தான் முதலில் பிடித்துத் தூக்கும் என்பதால், விளிம்பு வரிசையில் திருகாணியை நெருக்கமாகப் போடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் எந்த விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். அதன் தூசு நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும். பழையது இருந்தாலும் அறுக்காமல், துளையிடாமல், நனைத்து முழுத் தகடாக இறக்குங்கள்.

எதை நாம் செய்வது

ஊராட்சி அனுமதியை முதலில் வாங்கிவிட்டுத் தையில் தொடங்கினால், ஆனிக் காற்றுக்கு முன் கூரை ஏறிவிடும். கடைக்கால் தோண்டுவது, 3, 4, 5 அடிக் கயிற்றில் மூலை பார்ப்பது, டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்ப்பது, சுவருக்குத் தண்ணீர் காட்டுவது, ஓடு வேய்வது, தரை போடுவது, வெள்ளையடிப்பது எல்லாம் வீட்டாரால் முடியும். சுவரும் கட்டலாம், மூலைகளைக் கொத்தனார் எழுப்பித் தரட்டும், நடுவை நூல் பிடித்து நீங்கள் நிரப்புங்கள். வயரிங்கும் எர்த்தும் உரிமம் உள்ளவர் வேலை. தோட்டத்து மோட்டாரின் இலவச இணைப்பிலிருந்து கட்டுமானத்துக்கு வயர் இழுப்பது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து.

கம்பி கட்டுவதையும் சென்ட்ரிங்கையும் தெரிந்தவரிடமே விடுங்கள். தளம் போட்டு இரண்டு வாரமாவது முட்டு நிற்கட்டும். ஆள் அவசரப்படுத்தினாலும் இசையாதீர்கள். பலகை பிரிக்கும் நாளில் குழந்தைகளையும் ஆடுமாடுகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.