திரை கறுத்துவிட்டால் என்ன செய்வது?

மடிக்கணினியின் திரை கறுத்துவிட்டால், “போர்டு போய்விட்டது” என்று முடிவு கட்டி யந்திரத்தையே மூலையில் போட்டுவிடுவது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. இது சரிதானா என்பதைச் சற்று ஆராய்வோம்.

லெம்பா பெர்த்தாமில் தேயிலைத் தோட்டத்தில் பணிபுரியும் அன்பர் ஒருவர் சென்ற மழைக்காலத்தில் மகளின் பழைய மடிக்கணினியுடன் நம்மிடம் வந்தார். “பாய், திரையில கலர் கலராப் புள்ளி வந்துச்சு, அப்புறம் ஒரேயடியா இருட்டாயிடுச்சு. கடையில காட்டினா போர்டே போச்சாம், 600 வெள்ளி ஆகுமாம்” என்றார். 2025 பிப்ரவரி முதல் நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இதற்கே போய்விடும். மகளோ எஸ்டிபிஎம் தேர்வுக்குரிய கட்டுரைகளையெல்லாம் அதில்தான் எழுதி வைத்திருந்தாள்.

2020 மார்ச் 18 ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, பள்ளிப் பாடம் வீட்டுக்கு வந்தபோது, கைமாறிய மடிக்கணினிகள் பல குடும்பங்களில் நுழைந்தன. அவற்றுக்கு இப்போது வயதாகிவிட்டது. ஆதலின் இவ்விஷயம் ஒரு வீட்டோடு நிற்பதன்று.

முதலில் ஓர் உண்மையை மனத்தில் இருத்த வேண்டும். பழைய மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றுக்குப் படம் வரைவதற்கென்று தனி நினைவகம் கிடையாது. ரேம் என்னும் பொது நினைவகத்திலேயே ஒரு பகுதியைக் கடன் வாங்கித்தான் அவை திரைக்குரிய படத்தை அமைக்கின்றன. ரேமில் பழுது வந்தால் அது புள்ளியாகவும் கோடாகவும் திரையில் தோன்றக்கூடும். முற்றிய பழுதாயின் யந்திரம் எழும்பவே எழும்பாது. நினைவகத்தின் குற்றம் திரையின் மேல் விழுகிறது! திரையை மாற்றியும் குறை தீராமல் பணத்தை இழந்தவர்கள் பலர்.

எனவே எது குற்றவாளி என்று பிரித்தறிய வேண்டும். யந்திரத்தை முடுக்கி இரண்டு நிமிடம் கழித்து, கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பாருங்கள். அதன் சிறு விளக்கு அழுத்தும்தோறும் எரிந்து அணைந்தால், உள்ளே வேலை நடக்கிறது. கோளாறு பெரும்பாலும் திரைப் பக்கமே. விளக்கு அசையாமல் நின்றாலோ, தானாகவே எண்ணி எண்ணிச் சிமிட்டினாலோ, ‘பீப்’ ஒலி திரும்பத் திரும்ப எழுந்தாலோ, ரேமைச் சந்தேகிக்கலாம். எத்தனை ஒலிக்கு என்ன பொருள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். அந்த மாடலுக்குரிய கையேட்டைப் பார்ப்பதே சரி. கேள்விப்பட்டதை நம்ப வேண்டாம்.

திரைப் பக்கம் என்று தோன்றினால், இருட்டறையில் கைவிளக்கைத் திரையின் மேல் சாய்த்துப் பிடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்னொளி மட்டுமே போயிருக்கிறது. 2010க்கு முந்திய பல கணினிகளில் பின்னொளிக்குச் சிறு குழல் விளக்கு உண்டு. அதை எரிக்கும் இன்வெர்ட்டரில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும். அங்கே கை வைக்கலாகாது. மூடியை அசைக்கும்போது படம் வந்து வந்து போனால், கீல் வழியாகச் செல்லும் கம்பியே காரணம்.

அடுத்து, வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்துப் பாருங்கள். அங்கே படம் சுத்தமாக வந்தால் திரையோ கம்பியோதான் பழுது. அங்கும் அதே புள்ளிகள் தெரிந்தால் ரேம் அல்லது படச் சில்லு.

படச் சில்லின் பழுதும் உலகறிந்ததே. மடிக்கணினிச் சில்லுகள் சிலவற்றின் கட்டுமானப் பொருள் பலவீனமாக இருந்ததால், 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம் 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்க நேர்ந்தது. 2011இல் செய்த மேக்புக் புரோ சிலவற்றுக்கு 2015இல் ஆப்பிள் இலவசப் பழுதுநீக்கம் அறிவித்தது. இத்தகைய சில்லைச் சூடேற்றி எழுப்புகிறோம் என்பார்கள் சிலர். சில வாரங்களில் மறுபடி படுத்துவிடும். அதற்குப் பணம் கொடுப்பது வீண் என்பது நம் அபிப்பிராயம்.

அன்பரின் கணினியில் கேப்ஸ் லாக் அசையவில்லை, தொலைக்காட்சியிலும் இருட்டே. மின்கம்பியையும் பேட்டரியையும் கழற்றி, முடுக்கு விசையை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தபின் அடிமூடியைத் திறந்தோம். 4 ஜிபி ரேம் இரண்டு. அவற்றின் பொன்முனைகள் மங்கியிருந்தன. வியப்பில்லை. தேயிலையை உலர்த்தத் தொழிற்சாலையில் அடுப்பு எரிகிறது. கணினியை உலர்த்த யார் எரிக்கிறார்கள்! பனியில் குளிர்ந்த கணினியைச் சூடான அடுப்படிக்குக் கொண்டுவந்தால் உள்ளே நீர் துளிர்க்கும். பையைத் திறக்காமல் ஒரு மணி நேரம் வைத்துப் பிறகு முடுக்குவதே நல்லது.

மென்துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு முனைகளைத் துடைத்தோம். உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் பொன்பூச்சே போய்விடும். பிறகு ஒவ்வொரு ரேமாக, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றிப் பொருத்தினோம். ஒன்று இரண்டு இடத்திலும் இருட்டு. மற்றதைப் போட்டதும் திரை வந்தது! அன்பர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அவர் மகன் உடனே விண்டோஸை மறுபடி ஏற்றிவிடலாம் என்றான். கூடாது என்று தடுத்தோம். ரேம் சந்தேகத்தில் இருக்கும்போது வட்டைச் சரிசெய்வதோ விண்டோஸை ஏற்றுவதோ ஆபத்து. பழுதான நினைவகம் வழியாகச் செல்லும் கோப்புகள் சிதைந்து எழுதப்படும். முதலில் மெம்டெஸ்ட்86+ என்னும் இலவசச் சோதனையைப் பென்டிரைவிலிருந்து இரவு முழுவதும் ஓடவிட்டோம். 1994இல் கிறிஸ் பிராடி எழுதிய மெம்டெஸ்ட்86இன் வழிவந்தது இது. ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேமை நம்பலாகாது. விடிந்தபோது பிழை ஒன்றுமில்லை. கட்டுரைகள் அத்தனையும் அப்படியே இருந்தன. அவற்றைப் பென்டிரைவில் எடுத்துக்கொடுத்தோம்.

மாற்று ரேம் வாங்குவோர் வகையறிந்து கேட்க வேண்டும். மடிக்கணினிக்குரிய டிடிஆர்2வுக்கு 200 முனை, டிடிஆர்3க்கு 204, டிடிஆர்4க்கு 260. ஒன்று மற்றொன்றின் ஸ்லாட்டில் பொருந்தாது. 1.35 வோல்ட்டில் மட்டும் இயங்கும் கணினிக்கு டிடிஆர்3எல் என்றே கேட்க வேண்டும். அன்பருக்கு வகையையும் முனையெண்ணையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தோம். அடுத்த சம்பளத்தில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, ஒற்றை ரேமுடனேயே கணினியை எடுத்துச் சென்றார்.