ஜம்பைப் பாறையும் இரட்டைக் கோடு நோட்டும்



கையெழுத்துப் பழகும் பிள்ளைக்குப் பக்கத்து ஊரில் வாழ்ந்த ஒருவரின் பெயரே நல்ல பாடம். யாருடைய பெயர் என்று தெரிந்தபின் எழுதும் கை, எழுத்தின் வடிவத்தையும் ஊன்றிக் கவனிக்கிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இத்தகைய பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை.

திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில், 1981-ல் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கண்டறியப்பட்டது. ஒரே வரி. அதியமான் நெடுமான் அஞ்சி கற்குகையை உறைவிடமாக ஈந்தான் என்பது அதன் செய்தி. அசோகரின் கல்வெட்டுகள் குறிப்பிடும் சத்தியபுத்திரர் அதியமான்களே என்று உறுதிசெய்ததும் இந்த ஒரு வரிதான். பாறையில் உளியால் வெட்டிய அந்த எழுத்துகளில் நேர்கோடுகள் மிகுதி. பிற்காலத்தில் ஓலையில் எழுத்தாணி ஓடியபோது வளைவுகள் கூடின. இந்த வேறுபாட்டைக் கரும்பலகையில் வரைந்து காட்டினால், எழுத்து மனிதக் கையால் உருவானது என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

பெயரைத் தேரும்போது கதையோடு எழுத்தையும் பார்க்க வேண்டும். ‘கபிலர்’ தொடக்கத்துக்கு ஏற்றது: நான்கே எழுத்துகள், ‘பி’யில் ஒரு மேல்விலங்கு, ‘ர்’இல் ஒரு புள்ளி. பகரத்தில் நேர்கோடும் லகரத்தில் சுழியும் பழகிவிடும். தென்பெண்ணை ஆற்றில் நிற்கும் கபிலர் குன்றைக் காட்டி, நண்பன் பாரியின் மக்களுக்கு அவர் துணைநின்றதைச் சொல்லலாம். அவர் உயிர்நீத்த கதை அந்த வயதுக்கு வேண்டாம், நட்பு போதும்.

‘இராசராசன்’ கடினம். ஆனால் அதில் ஒரு தனிப்பயன் உண்டு. ரகரமும் துணைக்காலும் இரண்டு முறை அடுத்தடுத்து வருகின்றன. இவ்விரண்டையும் ஒன்றாகவே எழுதுவது பிள்ளைகளிடம் பரவலாகக் காணப்படும் பிழை. ரகரத்தின் கீழே சாயும் சிறு கோட்டை இந்தப் பெயரிலேயே திருத்திவிடலாம். அந்தச் சோழனின் தாய் வானவன் மாதேவி, திருக்கோவிலூர் மலையமான் குலத்தில் பிறந்தவர் என்பது கதைக்குக் கைகொடுக்கும்.

கல்வராயன் மலைப் பள்ளிகளில் அரசர்களின் பெயர் மட்டும் போதாது. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் செவிவழி வரலாறு. அம்மலையிலுள்ள வெள்ளிமலை ஊர்ப் பிள்ளை தன் பாட்டியிடம் கேட்டு வந்த கதையிலிருந்து ஒரு சொல்லை எடுத்து எழுதினால், அது அரசன் பெயருக்கு எள்ளளவும் குறைந்ததாகாது.

முறை எளியது. முதலில் கதை. பிறகு அந்தப் பெயரை மணலில் விரலால் எழுதுதல். திண்ணைப் பள்ளிகள் பின்பற்றிய இவ்வழக்கம் விரலுக்கு வலுவும் திசையுணர்வும் தருகிறது. அடுத்து சிலேட்டு, கடைசியாக இரட்டைக் கோடு நோட்டு. பக்கம் முழுவதும் எழுதச் சொல்லக் கூடாது. மூன்றாம் வரிக்குப் பிறகு பிள்ளை மேலே உள்ள ஆசிரியரின் எழுத்தைப் பார்ப்பதில்லை. தான் கடைசியாக எழுதியதைப் பார்த்தே எழுதுகிறது, பிழையும் வரிக்கு வரி வளர்கிறது. மூன்று வரி முடிந்ததும் அவற்றில் அழகாக அமைந்த ஓர் எழுத்தைப் பிள்ளையே வட்டமிட்டுக் காட்டட்டும். மறுநாள் பாடத்தை அந்த எழுத்திலிருந்து தொடங்கலாம்.