பதம் பார்த்து முடிவு
(குழுத் தலைமைக்கு ஒரு பாடம்)

போன மாதம் வட்டாரக் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பின பிறகு, புதிதாகக் குழுத் தலைவரான ஒரு தம்பி மட்டும் நின்றார். அவர் குழுவில் எட்டுப் பேர். அவர்கள் நெல்லை வாங்கிக்கொண்டிருந்த கடைக்காரர் திடீரென்று கடையை மூடிவிட்டார். எட்டு வீட்டிலும் மாப்பிள்ளைச் சம்பா மூட்டையாகக் கிடக்கிறது.

"அண்ணே, எல்லாரும் என் மூஞ்சியத்தான் பாக்குறாங்க. என்ன சொல்றதுன்னே தெரியல. நீங்க கஜாவுலயே குழுவைக் கலைய விடாம வச்சிருந்தீங்களே, எப்படி?" என்று கேட்டார்.

குழு கலையவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த நாட்களில் நான் செய்த பிழை ஒன்று இருக்கிறது. அதை மறைத்துவிட்டு மற்றவர்களுக்குப் பாடம் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரை கடந்தது. நாங்கள் பேராவூரணிப் பக்கம். விடிந்து கதவைத் திறந்தால் வானம் தெரிந்தது. தென்னந்தோப்பு ஊரில் வீட்டு வாசலிலிருந்து வானம் தெரிந்தால் என்ன அர்த்தம் என்று தோப்புக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று ராத்திரி தூக்கமில்லை. கரண்டு இல்லை, மோட்டார் ஓடவில்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். தலைவன் என்றால் கையில் பதில் வைத்திருக்க வேண்டும் என்று அப்போது நம்பினேன்.

நாலாம் நாள் எங்கள் குழுவில் உள்ள பெரியம்மா ஒருவர் கூப்பிட்டார். அவருக்கு அறுபது மரம். முப்பத்தெட்டு வேரோடு சாய்ந்துவிட்டது. மிச்சம் இருபத்திரண்டு, சாய்ந்தும் சாயாமலும், கொண்டை திருகி மட்டை ஒடிந்து நின்றது. நிவாரணம் மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக 1,100 என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம். கணக்கெடுக்க ஆள் வருவதற்குள் வெட்டிப் போட்டால்தான் காசு என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.

"குருத்து பச்சையா இருக்கே தம்பி, விட்டுப் பாக்கலாமா?" என்றார்.

"அதெல்லாம் பொழைக்காது பெரியம்மா. மொத்தமா வெட்டிடுங்க. புதுசா வைப்போம்" என்றேன். சொன்னபோது என் குரல் உறுதியாக இருந்தது. அவருக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். வெட்டிவிட்டார்.

பக்கத்துத் தோப்புக்காரர் அதே மாதிரி நின்ற மரங்களைத் தொடவே இல்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். மாசி பங்குனியில் அவர் மரங்களில் பாதிக்கு மேல் புதுக் குருத்து விரித்தன. 2021-ல் அவர் காய் வெட்டினார். பெரியம்மா அப்போது இடுப்பளவு கன்றுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

தென்னைக்கு இருப்பது ஒரே குருத்து. அது செத்தால் மரம் செத்தது. குருத்து உயிரோடு இருந்தால் மாதம் ஒரு மட்டை விடும். ஆக மூன்று மாதம் பொறுத்திருந்தால் மரமே பதில் சொல்லியிருக்கும். இது எனக்குத் தெரியாததா? சின்ன வயதிலிருந்து தோப்பில் வளர்ந்தவன். தெரிந்தது அந்த நேரத்தில் கைக்கு வரவில்லை, அதுதான் விஷயம். தூக்கம் கெட்டு, பயம் தலைக்கு ஏறியிருக்கும்போது மனசு ஒரே வழியைத்தான் பார்க்கும். எதையாவது செய்து முடித்துவிட்டால் படபடப்பு அடங்கும் என்று தோன்றும். அப்படி எடுக்கிற முடிவு நம் படபடப்புக்கு மருந்தாகலாம், நிலத்துக்கு ஆகாது.

மழை பெய்த மறுநாளே ஏர் கட்டினால் என்ன ஆகும்? மண் பாளம் பாளமாகப் பெயர்ந்து, காய்ந்ததும் கல்லாகிவிடும். அந்தப் போகம் முழுக்கக் கட்டி உடைத்தே மாளாது. அதனால் பதம் வரக் காத்திருக்கிறோம். ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டி, தட்டினால் உதிர்கிறதா என்று பார்க்கிறோம். மண்ணுக்குப் பார்க்கிற இந்தப் பதத்தை என் மனசுக்கு நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று. பக்கத்தை மூன்றாகப் பிரித்துக் கோடு போடுவேன். இன்றே செய்தாக வேண்டியது, இந்த மாதத்துக்குள் செய்ய வேண்டியது, பதம் வந்தபின் முடிவெடுக்க வேண்டியது. எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதற்கு ஒரே கேள்விதான்: இதைச் செய்துவிட்டால் திரும்பப் பெற முடியுமா? மரத்தை வெட்டினால் ஒட்டவைக்க முடியாது, அது கடைசிக் கட்டம். நிலத்தை விற்பது, பெரிய கடன் வாங்குவது, குழுவைக் கலைப்பது எல்லாம் அங்கேதான். தண்ணீர், மாட்டுத் தீவனம், பாதையில் விழுந்த மரத்தை அகற்றுவது எல்லாம் முதல் கட்டம், யோசிக்கவே வேண்டாம்.

நடுக் கட்டத்தைத்தான் தலைவர்கள் கோட்டை விடுகிறோம். உதாரணத்துக்கு, விழுந்த தென்னைகள். தோப்பிலேயே மக்க விட்டால் காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டையிடும்; பிறகு பிழைத்த மரத்தின் குருத்தையும் புதுக் கன்றின் குருத்தையும் குடையும். இதைச் சொல்லி ஆள் சேர்த்து மரங்களை அப்புறப்படுத்தினோம். எருக்குழியில் மெட்டாரைசியம் பூஞ்சாணம் கலந்தோம், ஆமணக்குப் புண்ணாக்குக் கரைசலைப் பானையில் ஊற்றித் தோப்பில் வைத்தோம். கன்று எந்த ரகம், எத்தனை, ஊடுபயிர் என்ன என்பதையெல்லாம் தள்ளிப்போட்டோம்.

தள்ளிப்போடும் நாட்களில் சும்மா உட்கார்ந்தால் மனசு அரிக்கும். வெறும் தோப்பைப் பார்த்துக்கொண்டிருப்பது கொடுமை. அதற்குப் பலதானிய விதைப்பு கைகொடுத்தது. தானியம், பயறு, எண்ணெய்வித்து, மணப்பயிர், தக்கைப்பூண்டு சணப்பு என்று கிடைத்த விதைகளைக் கலந்து வீசி, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதோம். முடிவு எதுவாக இருந்தாலும் நிலத்துக்கு நட்டமில்லாத வேலை. அந்தப் பச்சை கண்ணில் பட்ட பிறகுதான் கூட்டத்தில் ஜனங்கள் வாய்விட்டுப் பேசினார்கள்.

பெரியம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டது குருத்து விரித்த அந்தப் பங்குனியில். தனியாகக் கேட்டிருக்கலாம். குழுவிலேயே கேட்டேன். "நான் சொன்னது தப்பு. தெரியாதுன்னு சொல்லியிருக்கணும்." அவர் ஒன்றும் பேசவில்லை, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு மரியாதை போய்விடும் என்று பயந்தேன். நடந்தது வேறு. அடுத்த வாரம் குழுவில் ஒருவர் ராத்திரி வீட்டுக்கு வந்தார். "அண்ணே, திட்டாதீங்க. கோரை தாங்க முடியாம ஒரு மூலையில களைக்கொல்லி அடிச்சிட்டேன்" என்றார். பத்து வருசமாக ரசாயனம் தொடாதவர். கையில் காசில்லை, களை எடுக்க ஆளில்லை, மகள் கல்யாணம் நின்றுபோயிருந்தது.

பழைய நானாக இருந்தால் அங்கேயே விசாரணை நடத்தியிருப்பேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு கேட்டேன். சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. களைக்கொல்லிப் பேச்சு அதில் ஐந்து நிமிடம்கூட இருக்காது. சான்றிதழ் விதியை நான் வளைக்கவில்லை. எந்த மூலை, எத்தனை குழி என்று அவரே குழுவில் சொல்லி, அந்த விளைச்சலைத் தனியாக வைத்தார். நாங்கள் ஆறு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் கோரை கொத்தினோம். இன்றும் குழுவில் இருக்கிறார். தவறைச் சொல்ல இடமில்லாத குழுவில் மருந்து அடித்தவர் மறைப்பார், அல்லது போய்விடுவார்.

இன்னொன்று, கொஞ்சம் கூச்சமான விஷயம். தலைவனும் தூங்க வேண்டும். நிவாரண நாட்களில் தூங்கப் போவதையே துரோகம் மாதிரி நினைத்தேன். இப்போது எங்கள் குழுவில் தலைமை இரண்டு பேர். நெருக்கடி என்றால் ஆளுக்கு ஒரு நாள் போன் எடுப்போம். ராத்திரி வருகிற பெரிய கேள்விக்கு ராத்திரியே பதில் சொல்வதில்லை, "காலையில தோப்புக்கே வர்றேன், பாத்துட்டுப் பேசுவோம்" என்று மட்டும் சொல்வோம்.

இதையெல்லாம் தம்பியிடம் சொல்லிவிட்டு, அவர் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து எழுதச் சொன்னேன். 'இன்றே' என்ற கட்டத்தில் பதினோரு வேலை எழுதினார். கடன் வாங்கிக் குழுவுக்குச் சொந்தக் கடை திறப்பது, கிடைத்த விலைக்கு மொத்த நெல்லையும் தள்ளிவிடுவது எல்லாம் அதில் இருந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டு அடித்தோம். மூன்றுதான் மிஞ்சியது. எட்டு வீட்டுக்கும் நேரில் போய், விலைக்கு இன்னும் வழி தெரியவில்லை என்று உள்ளபடி சொல்வது. எந்த வீட்டில் பணம் உடனே வேண்டும் என்று கேட்டு, அந்த வீட்டு மூட்டையை முதலில் அரிசியாக்கி உள்ளூரில் விற்பது. மற்ற நெல்லைப் பூச்சி விழாமல் காப்பது.

மறுநாள் காலை அவரோடு நானும் போனேன். முதல் வீட்டில் மூட்டையைப் பிரித்து, நாலு நெல்லை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்தார். நறுக்கென்று உடையவில்லை. "இன்னும் ரெண்டு காய்ச்சல் வேணும் அக்கா. நொச்சித் தழை பறிச்சு வைங்க, மூட்டைக்குள்ள போடணும்" என்றார். அந்த அக்கா விலையைப் பற்றிக் கேட்டார். "தெரியல அக்கா. வெள்ளிக்கிழமை எட்டுப் பேரும் உக்காந்து பேசுவோம்" என்று சொல்லிவிட்டு, களத்தில் படுதா விரிக்கப் போனார்.