சோடா வேண்டாம் சின்னவனே

என் சின்னவனுக்குப் பொன்னேரியிலிருந்து அத்தை எழுதுவது. போனில் சொன்னால் "சரி அத்தே, சரி அத்தே" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் மீன்கூடையோடு வந்த உன் அம்மா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவள்மேல் கோபப்படாதே. நீ நடுராத்திரியில் எழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்காருவதை அவளாகச் சொல்லவில்லை, நான்தான் கிண்டிக் கேட்டேன்.

கேட்டால் "வாயு" என்கிறாயாமே. அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு உடம்பு பதறுகிறது. நம் குப்பத்தில் நெஞ்சு அடைத்தாலும் வாயு, கல்லடைப்பு வந்தாலும் வாயு. எதற்கும் ஒரு கோலி சோடா, உப்புப் போட்டு. உன் அப்பாவும் அப்படித்தான் சொன்னான். தோணி வலித்து, வலை இழுத்துத் தோள்பட்டை போய்விட்டது அவனுக்கு. மெடிக்கல் கடையில் பேர் தெரியாத மாத்திரைகளை வெட்டி ஒரு பொட்டலமாகக் கொடுப்பார்கள், அதை டீயோடு போட்டுக்கொண்டு விடிவதற்குள் ஏரிக்குப் போய்விடுவான். வருஷக்கணக்கில் போட்டான். கடைசி மாதம் மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போகிறதென்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். இரும்புச்சத்து மாத்திரை தின்றாலும் அப்படிப் போகும், அவன் தின்னவில்லையே. அது வயிற்றுக்குள் கசிந்த ரத்தம். வர்தா புயல் வந்த 2016ஆம் வருஷம், அவன் நம்மை விட்டுப் போன அந்தச் சாயங்காலம், வலி தாங்காமல் என் வீட்டுத் திண்ணையில் சுருண்டு கிடந்தவனுக்குச் சோடா உடைத்துக் கொடுத்தவள் நான். உனக்கு இதை இதுவரை சொன்னதில்லை.

திருநாவுக்கரசரைச் சூலை நோய் ஆட்டியபோது அவர் திருவதிகைக்கு ஓடிப்போய் அக்கா திலகவதியார் காலில்தான் விழுந்தார் என்பார்கள். அந்த அக்கா திருநீறு கொடுத்துத் தம்பியை மீட்டாள். இந்த அக்கா தன் தம்பிக்குக் கொடுத்தது சோடா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அங்கன்வாடியில் முப்பது வருஷம் இருந்தவள் பேசாமல் இருக்க மாட்டாள். நடு வயிற்றில், நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிகிற வலி, அதுவும் பசிக்கும்போதும் ராத்திரியிலும் வந்து, ஏதாவது தின்றால் கொஞ்சம் அடங்குகிறதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அல்சரைத்தான். முன்பெல்லாம் இதற்குக் காரம், கவலை இரண்டையும்தான் டாக்டர்களே குறை சொன்னார்கள். உன் அம்மா நண்டுக் குழம்புக்கு அரைக்கிற மிளகாயை நானும் இருபது வருஷம் ஏசியிருக்கிறேன், பாவம். 1982இல் ஆஸ்திரேலியாவில் பெர்த் என்கிற ஊரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரண்டு டாக்டர்கள் இதற்குப் பின்னால் ஒரு கிருமி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஹெலிகோபேக்டர் பைலோரி என்று பேர். யாரும் நம்பவில்லை. மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து வயிற்றில் அழற்சி வருவதைக் காட்டினார். 2005இல் இரண்டு பேருக்கும் நோபல் பரிசு. அந்தக் கிருமி இருந்தால் பத்துப் பதினைந்து நாள் மாத்திரையில் பெரும்பாலும் ஒழித்துவிடலாம்.

இன்னொரு காரணம் நீ சட்டைப்பையில் வைத்திருக்கிறாயே, அந்த வலி மாத்திரை. வயிற்றில் ஊறுகிற அமிலம் வயிற்றையே அரிக்காமல் இருக்க உள்ளே வழவழவென்று ஒரு பூச்சு இருக்கிறது. அதைக் காப்பாற்றுகிற சுரப்பையும் சேர்த்து நிறுத்திவிட்டுத்தான் அந்த மாத்திரை தோள்வலியைக் குறைக்கிறது. வெறும் வயிற்றில் போட்டால் எரிச்சல் இன்னும் கூடும். சாராயமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நீ குடிப்பதில்லை என்று உன் அம்மா சத்தியம் செய்கிறாள், நானும் நம்புகிறேன்.

எல்லா வலியும் அல்சர் இல்லை. விலாவிலிருந்து தொடைச்சந்துவரை இழுத்து இழுத்து வலித்தால் சிறுநீரகக் கல்லாக இருக்கும். வெயிலில் மணிக்கணக்காக ஏரியில் நின்று ஒரு பாட்டில் தண்ணீர்கூடக் குடிக்காதவர்களுக்கு வேறென்ன வரும்? தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கி, காய்ச்சலும் அடித்தால் குடல்வால். அதற்கு ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. ரத்த வாந்தி, கறுப்பு மலம், வயிறு பலகை மாதிரி இறுகுவது, இதில் எது வந்தாலும் பஸ்ஸுக்கு நிற்காமல் வீட்டில் 108க்குப் போன் போடச் சொல்.

காலையில் ஒரு கிண்ணம் பழைய சோறு, வெங்காயம், நீராகாரம், அதைச் சாப்பிட்டுவிட்டுத் தோணி ஏறு. பழைய சோறு குடலுக்கு என்ன நல்லது செய்கிறதென்று ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலேயே ஆராய்ச்சிக்கு எடுத்தார்கள். உனக்குத்தான் அது கௌரவக் குறைச்சல். தொட்டுக்கொள்ளக் கருவாடு தினமும் வேண்டாம், உப்பு அதிகம். நான் ஆயுசு முழுக்கக் கருவாடு காயவைத்தவள், சொல்லவே மனசு வரவில்லை. கீரையும் வாழைத்தண்டும் வாரத்தில் மூன்று நாளாவது இருக்கட்டும், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. முகத்துவாரம் தூர்ந்தால் ஏரிக்கு என்ன ஆகுமென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வயிற்றுக்கும் அதுதான்.

ஆஸ்பத்திரிக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம். நீ கல்யாணமாகித் தலைக்கட்டு எழுதிக்கொண்ட ஆம்பிளை, அத்தை கட்டாயப்படுத்த முடியாது. "வலை போட முறை வருகிற பாடு நாள் தவறிப்போகும்" என்பாய். நானும் பாடு உள்ள வீட்டில் பிறந்தவள்தான். வருகிற புதன்கிழமை உனக்குப் பாடு இல்லை என்று உன் அம்மாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன். ஸ்டான்லிக்குப் போய்க் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி எடுக்கலாமா என்று கேட்போம். தொண்டைக்கு மருந்து அடித்துவிடுவார்கள், பெரும்பாலும் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். செலவை நினைக்காதே. வராவிட்டாலும் நான் கோபப்பட மாட்டேன். வியாழக்கிழமை நானே குப்பத்துக்கு வந்துவிடுவேன், அவ்வளவுதான்.

ரொம்பத் திட்டிவிட்டேனோ? நீ என் தம்பியின் முகம் அப்படியே, ராசா. சிரித்தாலும் அவன்தான், பொய் சொன்னாலும் அவன்தான். உனக்கு மடவை முட்டை வறுத்து எடுத்து வைத்திருக்கிறேன், குட்டிப் பாப்பாவுக்கு ஒரு கவுன் வாங்கியிருக்கிறேன். உன் பெண்டாட்டியை நான் ஒன்றும் சொல்லவில்லை என்று சொல், தங்கமான பிள்ளை.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குப் பொன்னேரி ஸ்டேஷன் டிக்கெட் கவுன்ட்டர் பக்கம் நிற்பேன். பழைய சோறு பற்றிச் சொன்னதெல்லாம் மற்ற நாளுக்கு. அன்றே குழாய் விட்டாலும் விடுவார்கள், அதனால் அன்றைக்கு மட்டும் வெறும் வயிற்றோடு வா.

உன் அத்தை