புறப்படும் முன் ஆயிரம் கிலோமீட்டர்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தாத்தா ஆசையாக வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைச் சரிபண்ணி, சிவகாசியிலிருந்து காத்மாண்டு வரை ஓட்டிப்போய்த் திரும்ப வேண்டும் என்கிறாய். அறுபது வயதான வண்டியில் இது நடக்கிற காரியமா என்று வீட்டில் கேட்கிறார்களாம். நடக்கும். 2023இல் அகமதாபாத்தைச் சேர்ந்த தமன் தாக்கோர், 1950இல் செய்த எம்.ஜி. ஒய்.டி. காரில் லண்டன் போய்ச் சேர்ந்தார். அப்பா, மகன், பேத்தி என்று ஒரு வீட்டின் மூன்று தலைமுறையும் அந்தப் பயணத்தில் இருந்தது. ‘லால் பரி’ என்று பெயர் வைத்திருந்த அந்தச் சிவப்பு வண்டியின் இன்ஜின் வெறும் 1,250 சிசி. பாகிஸ்தான் வழியை விட்டுவிட்டு, மும்பையிலிருந்து துபாய்க்கு வண்டியைக் கப்பலில் அனுப்பி, பிறகு ஈரான் வழியாக ஐரோப்பாவைப் பிடித்தார்கள். அந்த வண்டி பிறந்த ஆபிங்டன் ஊருக்கே அதைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அதோடு பார்த்தால் உன் பயணம் சின்னது. ஆனால் இரண்டுக்கும் முன்தயாரிப்பு ஒன்றேதான்.

உன் வண்டியைப் பற்றி ஒன்று தெரிந்துகொள். சென்னை வண்டலூர்ப் பக்கம் 1961 முதல் செய்யப்பட்ட இந்த ஹெரால்டு, இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டுதான். அதன் சேஸிஸைக் குறுக்கித்தான் 1962இல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார்கள். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. அந்த உறவால் உனக்கு ஒரு லாபம் இருக்கிறது. நம் ஊர்க் கம்பெனி கார் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டாலும், ஸ்பிட்ஃபயர் பிரியர்களுக்காக இங்கிலாந்தில் இன்றும் பார்ட்ஸ் புதிதாகச் செய்து விற்கிறார்கள். முன்பக்கச் சஸ்பென்ஷன், பிரேக் சாமான்களில் பல உன் வண்டிக்கும் பொருந்தும். சென்னை புதுப்பேட்டையில் தேடிக் கிடைக்காதது அங்கே கிடைக்கும். வந்து சேர நாளாகும், அதனால் இப்போதே எழுதிப் போடு.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதுதான். எல்லாவற்றையும் புதுசாக மாட்டிவிட்டு அடுத்த நாளே நெடுஞ்சாலை ஏறாதே. பழைய வண்டியை வழியில் படுக்கவைப்பது பெரும்பாலும் பழைய பார்ட் இல்லை, போன வாரம் மாட்டிய, இன்னும் ஓடிப் பார்க்காத புதுப் பார்ட்தான். ஒன்றை மாற்று, நூறு இருநூறு கிலோமீட்டர் ஓட்டு, பிறகு அடுத்ததைத் தொடு. அப்போதுதான் ஏதாவது சத்தம் வந்தால் எதனால் வந்தது என்று உனக்குத் தெரியும். கடைசி வேலை முடிந்த பிறகு நம் சுற்றுவட்டாரச் சாலைகளிலேயே ஆயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும். ஆயிரம் ஆகவில்லையா, பயணத் தேதியைத் தள்ளிவை.

கண்டன்சரையே எடுத்துக்கொள். டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட்டுக்குப் பக்கத்தில் விரல் நுனி அளவுக்கு உட்கார்ந்திருக்கும். இன்று கடையில் வாங்கும் புதுக் கண்டன்சர்களில் பல, சூடேறினால் செத்துவிடுகின்றன. டப்பா பிரிக்காத புதுசை ஸ்பேராக வைத்திருந்தால், நாக்பூர் தாண்டி நடுக்காட்டில் அதை மாட்டும்போதுதான் அது உதவாது என்று தெரியும். அதனால் புதுசை இங்கேயே மாட்டி, ஒரு மாதம் ஓட்டி, நல்லது என்று தெரிந்த பின் கழற்றி ஸ்பேராக எடுத்து வை. பாயிண்ட், ரோட்டர், ஃபேன் பெல்ட், பெட்ரோல் பம்ப் டயஃப்ரம் எல்லாவற்றையும் இப்படியே செய். ஸ்பேர் பெட்டியில் இருக்கிற ஒவ்வொரு சாமானும் ஒருமுறையாவது உன் வண்டியில் ஓடியிருக்க வேண்டும்.

ஹெரால்டில் உயிருக்கே ஆபத்தான இடம் ஒன்று உண்டு. பானெட்டைத் திற. இந்த வண்டியில் முன்பகுதி முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து முன்னால் சாய்ந்துகொடுக்கும், சக்கரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்பின் அடியில் ஒரு வெண்கலக் கட்டை இருக்கும், ட்ரன்னியன் என்பார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த இரும்பின் மரை இதற்குள்தான் சுழலும். அதற்கு 90 நம்பர் கியர் ஆயில்தான் போட வேண்டும். நிப்பிளைப் பார்த்ததும் நம் பட்டறைப் பையன்கள் கிரீஸ் கன்னைக் கொண்டுபோய் அமுக்கிவிடுவார்கள். கெட்டியான கிரீஸ் மரைக்குள் இறங்காது. உள்ளே தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும், ஒருநாள் இரும்பு முறிந்து சக்கரம் படுத்துவிடும். கழற்றி மரையைத் துடைத்துப் பார். துரு தின்ற குழி தெரிந்தால் அந்த இரும்பையே மாற்று, காசு பார்க்காதே. மாற்றிய பிறகு, ஆயில் விடும்போது பழைய ஆயில் வழிந்து வெளியே வருகிறதா என்று பார். வந்தால்தான் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம்.

இன்ஜினைப் பிரிக்கும் முன் ஒரு சோதனை. ஒருவரைக் கிளட்ச் மிதித்து மிதித்து விடச் சொல். நீ முன்னால் நின்று கிராங்க் புல்லியைப் பார். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு அது முன்னும் பின்னும் நகர்ந்தால் கிராங்கின் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. இந்த இன்ஜின் குடும்பத்துக்கே உள்ள வியாதி இது. முற்றவிட்டால் வாஷர் கழன்று கீழே விழுந்து பிளாக்கையே அரித்துவிடும். ஆயில் சம்பைக் கழற்றி, இன்ஜினை இறக்காமலே மாற்றிவிடலாம்.

இனி பெட்ரோல். இப்போது பங்கில் போடுவதில் 20 சதவீதம் எத்தனால். உன் வண்டி பிறந்த காலத்து ரப்பருக்கு எத்தனால் ஆகாது. ஹோஸ் ஊறி மெத்தென்று ஆகி, உள்பக்கம் துகள் துகளாக உரிந்து கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். வெளியே கசிந்தால் அதைவிட மோசம். பெட்ரோல் போகிற பாதை முழுவதும் எத்தனால் தாங்கும் ஹோஸ் போட்டுவிடு, பம்ப் டயஃப்ரமும் அதே ரகமாக இருக்கட்டும். எத்தனால் தண்ணீரை இழுக்கும், ஆகவே டேங்க்கில் பாதி பெட்ரோலோடு மாதக்கணக்கில் வண்டியை நிறுத்திவைக்காதே. இன்னொன்று, ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000ஆம் ஆண்டோடு நின்றுபோனது. அந்த ஈயம்தான் பழைய வால்வு சீட்டுகளைக் காப்பாற்றி வந்தது. டாப்பெட் இடைவெளி வைத்த கொஞ்ச நாளில் திரும்பத் திரும்பக் குறைந்தால் சீட் உள்ளே இறங்குகிறது என்று பொருள். அப்படியானால் ஹெட்டை இறக்கிக் கெட்டியான சீட் போட்டுவிடு.

பிரேக் ஒரே சர்க்யூட். நாலு சக்கரத்தில் எந்தச் சிலிண்டர் கசிந்தாலும் பெடல் தரையில் போய் உட்காரும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்று ரப்பரை விட்டுவைக்காதே. எல்லா வீல் சிலிண்டர் கிட், மாஸ்டர் சிலிண்டர் கிட், நாலு ரப்பர் ஹோஸ் எல்லாம் புதுசு. பிரேக் ஆயிலை முழுக்க வடித்துவிட்டுப் புதுசு ஊற்று. பழைய ஆயில் காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும், மலை இறக்கத்தில் கொதித்து ஆவியாகிப் பிரேக்கைக் கைவிடும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். பட்டன் தேயாமல் இருந்தாலும் ஆறு வருஷம் தாண்டியிருந்தால் மாற்று, ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான். பெயின்ட், சீட், குரோமியம் எல்லாம் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம்.

ரேடியேட்டருக்குப் புதுக் கோர் போட்டு, தெர்மோஸ்டாட்டும் தண்ணீர் ஹோஸும் மாற்று. அதைச் சோதிக்க நம் ஊரைவிட நல்ல இடம் கிடையாது. கத்திரி வெயிலில் பகல் இரண்டு மணிக்குச் சாத்தூர் வரை ஓட்டிப்போய், அங்கே இன்ஜினை நிறுத்தாமல் கால் மணி நேரம் விடு. டெம்பரேச்சர் முள் நடுவில் நின்றால் நாட்டில் எங்கும் நிற்கும். அடுத்து ராஜபாளையம், தென்காசி வழியாக ஆரியங்காவு போய் வா. வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறி, இரண்டாவது கியரிலேயே இறங்கு. இறங்கியதும் நாலு டிரம்மையும் தொட்டுப் பார். ஒன்று மட்டும் மற்றதைவிட அதிகமாகச் சுட்டால் அங்கே பிரேக் இறுக்கிப் பிடிக்கிறது. நௌபிசே தாண்டிக் காத்மாண்டுப் பள்ளத்தாக்குக்குள் ஏறும் சாலை, லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போக வேண்டிய சாலை. அதற்கு இந்தக் கொடைக்கானல் பழக்கம்தான் உதவும்.

வேலை எல்லாம் மெக்கானிக் செய்யட்டும், நீ பக்கத்தில் நிற்காதே என்று உன் அப்பா சொல்வார். அவரிடம் எடுத்துச் சொல். தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொள்ள 1922இல் உங்கள் ஊர் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கே போனார்கள். போய், பல மாதம் இருந்து, கையால் செய்து பழகித் திரும்பினார்கள். சிவகாசியின் பிழைப்பே அப்படிப் பிறந்ததுதான். நீயும் பட்டறையில் ஒரு மாதம் கையில் கிரீஸோடு நில். ஜபல்பூர் சாலையில் உனக்கு மெக்கானிக் நீதான்.

தீயைப் பற்றி உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குள் நுழையும் முன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் மின்சாரத்தை இறக்கிவிட்டுப் போகிறவர்கள் உன் வீட்டில் இருக்கிறார்கள். அதே கவனம் இங்கேயும் வேண்டும். ஹெரால்டில் பெட்ரோல் டேங்க்கே டிக்கிக்குள்தான் இருக்கிறது. கேனில் தனியாகப் பெட்ரோல் ஏற்றாதே, வழியெங்கும் பங்க் இருக்கிறது. தீயணைப்பு சிலிண்டர் டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். சிவகாசிக்காரன் வருகிறான் என்று யார் ஆசையாகக் கேட்டாலும் ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டிகூட வண்டியில் இருக்கக் கூடாது. எல்லைச் சோதனையில் அகப்பட்டால் உன் பயணம் அதோடு சரி.

வழியைப் பற்றி. திருத்தங்கல், ஆமத்தூர் வழியாக விருதுநகர் வந்து 44ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடி. அங்கிருந்து பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர். பிறகு டெல்லிப் பக்கம் போகாமல் ஜபல்பூர், ரீவா வழியாக வாரணாசி. கன்னியாகுமரியையும் வாரணாசியையும் இணைத்த பழைய 7ஆம் எண் சாலையின் வழி இதுதான். டெல்லிச் சுற்றுவட்டாரத்தில் 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிகள் மீது கெடுபிடி அதிகம், அந்தத் தலைவலி உனக்கு வேண்டாம். வாரணாசியிலிருந்து கோரக்பூர், சொனௌலி எல்லை, பிறகு காத்மாண்டு. போக மட்டும் 2,700 கிலோமீட்டருக்கு மேல். நாளுக்கு 350க்கு மேல் ஓட்டாதே, இருட்டினால் நிறுத்திவிடு. வடக்கே பட்டாசு லோடு கொண்டுபோகும் டிரைவர்கள் உங்கள் ஊர் லாரி ஆபீசுகளில் இருக்கிறார்கள். எந்தப் பாலம் உடைந்திருக்கிறது, எங்கே வண்டியை நிறுத்தித் தூங்கலாம் என்று மேப்பைவிட அவர்கள் தெளிவாகச் சொல்வார்கள். தீபாவளி முடிந்த கையோடு கிளம்பு. ஆலை வேலையும் அப்போது ஓய்ந்திருக்கும், நேபாளத்தில் மழையும் விட்டிருக்கும். வட இந்தியாவில் மூடுபனி கவியும் முன் திரும்பிவிட வேண்டும்.

காகித வேலையை வண்டி வேலைக்கு முன்பே ஆரம்பி. தாத்தா மறைந்த பிறகும் ஆர்.சி. அவர் பெயரிலேயே இருக்கிறது என்றாய். வாரிசுச் சான்றிதழ் வாங்கி முதலில் பெயரை மாற்று, பதிவையும் புதுப்பித்துக்கொள். 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனி எண் தரும் விதி 2021இல் வந்தது. கௌரவமாகத் தெரிகிறதே என்று அதற்கு மாறிவிடாதே. கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்ற காரியங்களுக்குத் தவிர அந்த வண்டியைச் சாலையில் சாதாரணமாக ஓட்ட முடியாது. லண்டன் மாதிரித் தூரப் பயணத்துக்குக் கார்னே என்ற சுங்க உறுதிப் பத்திரம் வாங்க வேண்டும், ஆர்.டி.ஓ. தரும் சர்வதேச உரிமமும் வேண்டும். நேபாளத்துக்கு அது எதுவும் வேண்டாம், நம் உரிமமே போதும். எல்லையில் ‘பன்சார்’ என்ற சுங்கச் சீட்டை நாள் கணக்குப் பார்த்துப் பணம் கட்டி வாங்க வேண்டும். உன் திட்டத்தைவிட இரண்டு நாள் கூடுதலாகக் கட்டிவிடு. பழைய வண்டி, ஒருநாள் பட்டறையில் நிற்க நேரலாம், சீட்டுக் காலாவதியானால் அபராதம்.

இன்சூரன்ஸைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். நீ கட்டும் பாலிசி இந்திய எல்லையோடு முடிந்துவிடும். கூடுதல் பிரீமியம் கட்டினால் நேபாளத்துக்கும் அதை நீட்டித் தனி எண்டார்ஸ்மென்ட் தருவார்கள். ஏஜெண்ட் வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்கு, அதில் தேதிகளும் வண்டி எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று அவர் மேஜைக்கு முன்னாலேயே நின்று படித்துப் பார். அது கைக்கு வந்ததும் ட்ரன்னியன் கழற்றுகிற நாளைச் சொல், நானும் பட்டறைக்கு வருகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்
விருதுநகர்