ஏட்டுச் சுரைக்காயும் உணவு விடுதியும்

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது பழமொழி. ஆனால் உணவு விடுதி நடத்துபவருக்கு அது நன்றாகவே உதவுகிறது! வாசற்பலகையில் "நெய் ரோஸ்ட்" என்ற எழுத்து மட்டும் இருந்தால் படித்துவிட்டு நடந்து விடுகிறோம். முறுகலான தோசையின் படமும் உடன் இருந்தால் கால்கள் தாமே நின்றுவிடுகின்றன. தமிழ் அறியாத வெளிமாநிலப் பயணியும் படத்தைத் தொட்டுக் காட்டி வேண்டியதைக் கேட்கலாம். கைப்பேசி வழியே உணவு வரவழைப்போருக்கோ மணமும் எட்டாது, அடுக்களையும் தெரியாது. படம் ஒன்றே சாட்சி.

அப்படம் எவ்வாறு உருவாகிறது? பள்ளிச் சந்தையில் நாங்கள் போடவிருந்த சிற்றுண்டிக் கடைக்காக, மனையியல் வகுப்பில் ஆசிரியையின் கைப்பேசியால் இட்லி சாம்பாரைப் படம் எடுத்துப் பார்த்தோம். ஃபிளாஷ் போட்டு நேர் எதிரில் எடுத்ததில் இட்லி காகித வட்டம்போல் தட்டையாகத் தெரிந்தது. பிறகு விளக்கை அணைத்துவிட்டுச் சன்னலருகே வைத்தோம். பக்கவாட்டு ஒளியில் ஒரு புறம் நிழல் விழவே, இட்லியின் உப்பலும் சிறு துளைகளும் புலப்பட்டன. வெள்ளைத் தட்டில் வெள்ளை இட்லி எடுபடவில்லை, வாழையிலைக்கு மாற்றினோம். ஆவியைப் பிடிப்பதுதான் பெரும்பாடு! ஒளி சற்றுப் பின்னாலிருந்து வீச, பின்னணி கறுப்பாக இருந்தால்தான் ஆவி தெரியும். கறுப்பு அட்டை ஒன்றை நிறுத்திய பின்னரே அது படத்தில் விழுந்தது.

ஆனால் சாம்பாரில் முருங்கைக்காய் மூழ்கிவிட்டது. ஒரு தோழி உள்ளே சிறு கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் காய்களை நிறுத்தினாள். சாம்பார் முழுதும் காய்! நாங்கள் கைதட்டினோம். ஆசிரியை கைதட்டவில்லை. அமெரிக்காவில் காம்ப்பெல் நிறுவனம் சூப் விளம்பரத்தில் இதையே செய்த கதையைச் சொன்னார்கள். அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டதால் காய்கள் மேலே வந்து நின்றனவாம். அந்நாட்டு வணிக ஆணையம் தலையிட்டு, 1970-ல் அவ்வாறு விளம்பரம் செய்யக் கூடாதென ஆணையிட்டது. நம் நாட்டிலும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏமாற்றும் விளம்பரத்துக்கு முதல் முறையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

எல்லா ஒப்பனையும் ஏமாற்று அன்று. மெக்டொனால்ட்ஸின் கனடா நிறுவனம் 2012-ல் தன் படப்பிடிப்பைத் தானே படமாக்கி வெளியிட்டது. கடையில் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் தயாராகும் பர்கருக்கு அங்கே பல மணி நேரம்! பொருள்கள் அவையேதான், வெங்காயமும் வெள்ளரித் துண்டும் கேமராவுக்குத் தெரியுமாறு விளிம்பில் அடுக்கப்பட்டன. பின்னர் கணினியிலும் திருத்தினார்கள். அடுக்கியதை நாங்கள் ஒப்புக்கொண்டோம், உள்ளதைத்தானே காட்டுகிறார்கள்! கணினித் திருத்தம் பற்றி மட்டும் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது.

கவிழ்த்த கிண்ணத்தை எடுத்துவிட்டு, இரண்டே காய்களைக் கரண்டியால் மேலே வைத்து மீண்டும் படம் எடுத்தோம். அதையே கடை முன்னால் ஒட்டினோம். நண்பகலுக்குள் இட்லி தீரும் தறுவாய்க்கு வந்துவிட்டது. ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தட்டுடன் திரும்பி வந்து, "படத்தில் இரண்டு முருங்கைக்காய், எனக்கு ஒன்றுதான் விழுந்தது, அக்கா!" என்றாள். பாத்திரத்தின் அடியைத் துழாவி இன்னொன்றை எடுத்துப் போட்டோம்.