இரவில் ஏறும் சூடு: நீண்டகால நோயாளரைப் பராமரிப்போருக்கு ஒரு பாடம்

பூவரசங்குளத்தில் மன்னார் வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு வீடு. 2009 இல் எறிகணைச் சிதறல் முள்ளந்தண்டைத் தாக்கியதால் நெஞ்சுக்குக் கீழே உணர்வும் அசைவும் அற்றுப்போன ஒருவர் அங்கே படுக்கையில் இருக்கிறார். ஒரு சித்திரை மாத இரவு அவருடைய மனைவி ஆள் அனுப்பி என்னை அழைத்தார். "பாதர், மூன்று நாளாய் இரவானால் காய்ச்சல் காயுது. விடிஞ்சால் இல்லை" என்றார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. "பனடோல் இரண்டு கொடுங்கள். நன்றாகப் போர்த்துவிடுங்கள். யன்னலைச் சாத்துங்கள்" என்று சொல்லி, செபித்து, ஆசீர் அளித்துவிட்டுத் திரும்பினேன்.

அன்று நான் செய்ததில் செபத்தைத் தவிர மற்ற எல்லாம் பிழை. மறுநாள் மாலை அவரைப் பார்க்க வந்த தாதி ஒருவர் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். 38.4 பாகை. கட்டிலை விறாந்தைக்கு எடுக்கச் செய்தார். போர்வையை நீக்கி, ஈரத் துணியால் உடலைத் துடைத்து, மின்விசிறியைப் போட்டார். ஒரு மணி நேரத்தில் 37.2 பாகைக்கு இறங்கிவிட்டது. அது காய்ச்சல் அல்ல, வீட்டின் சூடு. நான் போர்த்தச் சொன்ன போர்வை அந்தச் சூட்டை உடலுக்குள்ளேயே அடைத்து வைத்தது.

அடுத்த மாதம் அதே வீட்டில் மீண்டும் ஓர் இரவு. முகமும் கழுத்தும் வியர்த்துக் கொட்டின. தலை வெடிக்கிறது என்று அவர் கதறினார். இம்முறை மனைவியும் நானும், "வீட்டுச் சூடுதான்" என்று தீர்மானித்துக் கட்டிலை விறாந்தைக்கு இழுத்தோம். விசிறினோம். குறையவில்லை. கடைசியில் மனைவியின் கண்ணிலேயே பட்டது: சிறுநீர்க் குழாய் தொடையின் கீழ் மடிந்து கிடந்தது. அதை நேராக்கியதும் பை நிறையத் தொடங்கியது. சிறிது நேரத்தில் தலையிடியும் வியர்வையும் அடங்கின. சற்றுப் பிந்தியிருந்தால் அவர் உயிருக்கே ஆபத்து என்று வைத்தியர் பின்னர் கூறினார்.

முதல் முறை சூட்டைக் காய்ச்சல் என்று நினைத்தோம். இரண்டாம் முறை ஆபத்தைச் சூடு என்று நினைத்தோம். ஆகவே இரவில் நோயாளியின் உடல் சுட்டால் அல்லது வியர்த்தால், "என்ன கொடுப்பது?" என்பதற்கு முன் "இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது?" என்று கேட்கப் பழகவேண்டும். இதுவே இப்பாடத்தின் சாரம்.

உடல் தன்னைக் குளிர்விக்கும் விதம்

சுகதேகியின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். பழைய வெப்பமானியில் 98.6 பாகை பரனைட். இது மாலையில் சற்று ஏறி, இரவில் இறங்கி, விடியற்காலையில் மிகக் குறைவாக இருக்கும். இந்த இறக்கத்தோடுதான் நல்ல நித்திரையும் வருகிறது. சூட்டை வெளியேற்ற உடலுக்கு இரண்டு முக்கிய வழிகள் உண்டு. சூடான இரத்தத்தைத் தோலுக்கு அனுப்பிக் காற்றிலே ஆறவிடுவது ஒன்று. வியர்வையைச் சுரந்து அது ஆவியாகும்போது குளிர்வது மற்றொன்று. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே முறையில்தான்.

இந்த வேலைக்கான கட்டளை மூளையிலிருந்து முள்ளந்தண்டு வடத்தின் வழியாகத் தோலுக்குச் செல்கிறது. வடம் உயரத்தில் அறுபட்டால் கட்டளை கீழே போகாது. காயத்துக்குக் கீழே வியர்க்காது. இரத்தக் குழாய்களும் விரிந்து கொடுக்கா. அப்படிப்பட்டவரின் உடல் சுற்றாடலின் சூட்டையே தன் சூடாக்கிக்கொள்ளும். வேறு நோயாளருக்கும் இக்குறை உண்டு. முதியோருக்கு வியர்வை குறையும், தாகமும் தெரியாது. நீண்டகால நீரிழிவு வியர்வை நரம்புகளைப் பழுதாக்கும். மனநோய்க்கும், சிறுநீர்ப்பை இறுக்கத்துக்கும் கொடுக்கப்படும் சில குளிசைகள் வியர்வையைக் குறைக்கும். அதற்காக அவற்றை நீங்களாகவே நிறுத்தவேண்டாம். "இரவில் உடல் காய்கிறது" என்று கிளினிக்கில் சொல்லுங்கள்.

சூட்டின் மூன்று ஊற்றுகள்

1. வீட்டிலிருந்து வரும் சூடு. எமது முன்னோர் மண் சுவரும் கிடுகுக் கூரையுமாய் வாழ்ந்தனர். போருக்குப் பின் வீட்டுத் திட்டங்களால் சீமெந்துக் கல் வீடுகள் கிடைத்தன. மழைக்கும் பாம்புக்கும் அவை பாதுகாப்பு. அதற்காக நன்றி கூறவேண்டும். ஆனால் சீமெந்துச் சுவர் பகல் வெயிலைச் சேமித்து வைத்து இரவில் மெல்ல மெல்ல வெளிவிடும். தகரமோ பகலில் கொதித்தாலும் இரவில் விரைவில் ஆறிவிடும். எனவே நடு இரவுவரை சூடு சுவரிலிருந்துதான் வருகிறது. பங்குனி, சித்திரையில் காற்றும் அசையாது. வெளியே குளிர்ந்த பின்னும் அறை புழுங்கிக்கொண்டிருக்கும்.

2. உடலில் அடைபடும் சூடு. மேலே சொன்ன வியர்வைக் குறையும், மெத்தையின் மேல் விரிக்கும் ரெக்சின் அல்லது இறப்பர் விரிப்பும், தடித்த போர்வையும் இதற்குக் காரணங்கள்.

3. நோயின் எச்சரிக்கை. கிருமித் தொற்று, சீனி குறைதல், அடைபட்ட சிறுநீர் ஆகியவை சூடாகவோ வியர்வையாகவோ இரவில் தலைகாட்டும்.

முதல் இரண்டும் குளிர்வித்தால் தணியும், மூன்றாவது தணியாது. ஆகவே நோயாளியைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றிக் குளிர்வியுங்கள். ஒரு மணி நேரத்தின் பின் வெப்பமானியால் பாருங்கள். 38 பாகைக்குக் கீழ் இறங்கி, ஆளும் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் அது வீட்டின் சூடு. இறங்காவிட்டால், அல்லது குளிர்ந்த இடத்திலும் மீண்டும் ஏறினால், அல்லது நடுக்கம் எடுத்தால் அதைக் காய்ச்சல் என்றே கொண்டு வைத்தியரிடம் செல்லுங்கள். கைவைத்துப் பார்ப்பதை நம்பவேண்டாம். என் கையே என்னை ஏமாற்றியது. ஒவ்வொரு இரவும் நேரத்தையும் பாகையையும் ஒரு கொப்பியில் எழுதிவந்தால் அது வைத்தியருக்குப் பேருதவி.

சூட்டினால் வந்த வெப்பத்தைப் பனடோல் இறக்காது. இறங்கவில்லை என்று மீண்டும் மீண்டும் கொடுத்தால் ஈரல் பழுதாகும். வளர்ந்த ஒருவருக்கும் 24 மணி நேரத்தில் 500 மில்லிகிராம் குளிசை 8 க்கு மேல் கூடாது. மெலிந்தவருக்கும் ஈரல் நோயாளருக்கும் அதைவிடக் குறைவு.

நால்வருக்கு நான்கு எச்சரிக்கைகள்

முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்: முகத்தில் வியர்வை, முகம் சிவத்தல், கடும் தலையிடி ஆகியன சேர்ந்து வந்தால் இரத்த அழுத்தம் திடீரென ஏறுகிறது என்று பொருள். நெஞ்சின் நடுப்பகுதியிலோ அதற்கு மேலோ காயப்பட்டவர்களுக்கு இது நேரும். உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள். இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள். குழாய் மடிந்துள்ளதா, பை நிறைந்துள்ளதா என்று பாருங்கள். மலச்சிக்கலும் படுக்கைப் புண்ணும் கூடக் காரணமாகலாம். குறையாவிட்டால் தாமதமின்றி வைத்தியசாலை. சிறுநீர் கலங்கி, மணத்து, காய்ச்சலும் இருந்தால் அது தொற்று.

நீரிழிவு நோயாளர்: இன்சுலினோ சீனிக் குளிசையோ பாவிப்பவருக்கு நள்ளிரவில் உடல் சுடாமல் குளிர்ந்த வியர்வை கொட்டி, கை நடுங்கி, பேச்சுத் தடுமாறினால் சீனி குறைந்துவிட்டது. விசிறிக்கொண்டிருக்கவேண்டாம். மூன்று அல்லது நான்கு தேக்கரண்டி சீனியை அரைக் குவளை நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் கொடுங்கள்; தெளிந்த பின் ஏதாவது உண்ணக் கொடுங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே வைத்தியசாலை. குளிர்சாதனப்பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலினை ஈரமணல் நிரப்பிய பானைக்குள், தண்ணீர் படாத சிறு பாத்திரத்தில் வையுங்கள்.

சிறுநீரக நோயாளர்: வடமத்திய மாகாணத்திலும் அதை ஒட்டிய வவுனியாப் பகுதிகளிலும் இந்நோய் பல குடும்பங்களின் துயரம். "உடம்பு சூடு" என்று இளநீரும் வாழைப்பழமும் அன்போடு கொடுக்கிறோம். அவற்றில் பொற்றாசியம் அதிகம். முற்றிய சிறுநீரக நோயாளருக்கு அது இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடும். எவ்வளவு நீர் குடிக்கலாம் என்பதைக் கிளினிக்கில் கேட்டு அறியுங்கள். இதய நோயாளருக்கும் இது பொருந்தும். அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் வாயைக் கொப்பளித்துத் துப்பலாம். முகத்தையும் கைகளையும் ஈரத் துணியால் துடைக்கலாம்.

நெடுநாள் இருமுபவர்: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், சட்டை நனையும் இரவு வியர்வை, உடல் மெலிதல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யவேண்டும். காசநோய்க்கு அரசாங்கம் இலவசமாக மருந்து வழங்குகிறது. பெரும்பாலானோர் ஆறு மாத ஒழுங்கான சிகிச்சையில் குணமடைகின்றனர். "சூட்டு வியர்வை" என்று மறைப்பதால் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தொற்றும்.

வீட்டில் செய்யக்கூடியவை

வெயில் விழும் மேற்குச் சுவருக்கு வெளியே கிடுகுத் தட்டி கட்டுங்கள், அல்லது பந்தல் போட்டுக் கொடி படரவிடுங்கள். தகரத்தின் மேல் கிடுகு பரப்பலாம். வெள்ளைச் சுண்ணாம்பு பூசினாலும் வெயில் திருப்பி எறியப்படும். பகலில் வெளியே கொதிக்கும்போது யன்னலைச் சாத்தி, பொழுது பட்டபின் எல்லாவற்றையும் திறவுங்கள். எதிரெதிரான இரண்டு திறப்புகள் இல்லாமல் காற்று ஓடாது.

நோயாளியை விறாந்தையில் படுக்க வைத்தால் கட்டிலும் நுளம்பு வலையும் அவசியம். வெறுந்தரையில் பாய் விரிப்பது எமது பகுதியில் பாம்புக்கு வழிவிடுவதாகும். ரெக்சின் விரிப்பின் மேல் பருத்திச் சேலையை இரண்டு மடிப்பாய் விரித்து, நனைந்தவுடன் மாற்றுங்கள். வியர்வை ஊறிய தோலில் படுக்கைப் புண் விரைவில் வரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுவதையும் மறக்கவேண்டாம்.

கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களைக் கிணற்று நீரில் நனைத்த துணியால் துடைத்து, மேலே காற்றுப் படவிடுங்கள். வியர்க்காத உடலுக்கு இந்த ஈரமே வியர்வையாகிறது. ஈரமின்றி மின்விசிறி மட்டும் போட்டால் அத்தகையவருக்குப் பயன் குறைவு. உணர்வற்ற தோலில் ஐஸ் வைக்கவேண்டாம். அதுபோலவே மார்கழி, தைக் குளிரில் இதே நோயாளரின் உடல் விரைவில் குளிர்ந்துவிடும். அப்போது போர்வையும் காலுறையும் கொடுங்கள். சுடுநீர்ப் போத்தலை உணர்வற்ற காலில் வைத்தால், தெரியாமலே தோல் வெந்துவிடும்.

உடல் 40 பாகையை எட்டினாலோ, ஆள் குழம்பினாலோ, மயங்கினாலோ, வலிப்பு வந்தாலோ விடியும்வரை காத்திருக்கக்கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். அது வரும்வரை நனைத்து விசிறிக்கொண்டே இருங்கள்.

கட்டிலருகே விழித்திருப்பவர்

இவை அனைத்தையும் செய்வது யார்? பகலெல்லாம் கூலி வேலைக்குப் போய்வந்த மனைவி, அல்லது பாடசாலைக்குப் போகவேண்டிய மகள். புரட்ட, துடைக்க, துணி மாற்ற, பாகை பார்க்க ஒரே ஆள். பல ஆண்டுகளாக ஓர் இரவும் முழுதாய் உறங்காத பெண்கள் எமது பங்குகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் அடிக்கடி சொல்வது "பொறுமையாயிரு, மகளே" என்பதே. குழாய் மடிந்ததைக் கண்டது என் ஆறுதல் வார்த்தை அல்ல. அந்தப் பெண்ணின் தூக்கம் நிறைந்த கண்கள்.

சீமோனின் மாமியார் காய்ச்சலாய்க் கிடந்ததை அறிந்த ஆண்டவர் அருகில் சென்று, கையைப் பிடித்து எழுப்பினார் என்று மாற்கு நற்செய்தியின் முதலாம் அதிகாரம் கூறுகிறது. அவர் வாசலில் நின்று ஆசீர் அளித்துவிட்டுப் போகவில்லை. எமது அன்பியங்களும் வாசலைத் தாண்டவேண்டும். வெக்கை மாதங்களில் வாரத்துக்கு ஓர் இரவு பக்கத்து வீட்டார் மாறி மாறி விழித்திருந்தால் அந்த மனைவி ஓர் இரவாவது உறங்குவார். ஒரு அன்பியத்துக்கு ஒரு வெப்பமானி வாங்குவது பெரிய செலவல்ல. ஒரு தட்டி கட்ட நாலு இளைஞருக்கு ஒரு காலைப் பொழுது போதும். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோர் தாமே கூடி நடத்தும் மாங்குளத்து உயிரிழை அமைப்பு போன்றவற்றுடன் இக்குடும்பங்களைத் தொடர்புபடுத்தலாம். அனுபவித்தவரிடம் கற்பதே சிறந்த கல்வி.

குழுக்களில் கலந்துரையாட

1. எமது கிராமத்தில் படுக்கையில் இருக்கும் நோயாளர் எத்தனை பேர்? அவர்கள் இரவில் படுக்கும் அறைக்குள் நாம் எப்போதாவது சென்று பார்த்திருக்கிறோமா?

2. "உடம்பு சூடு" என்று நாம் வழக்கமாய்க் கொடுக்கும் உணவு, மருந்துகளில் எது எந்த நோயாளருக்குத் தீங்காகலாம்?

3. அடுத்த பங்குனிக்கு முன் எந்த வீட்டின் மேற்குச் சுவருக்கு முதலில் நிழல் கட்டுவோம்? யார், எந்த நாளில்?